கூட்டிய ஒரு மணி நேரம்

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி பதினொன்றரை மணி வண்டியில் மாப்பிள்ளை வந்து இறங்குவான் என்று ஃபெர்னானுக்குத் தெரியும். வருவதாகக் கடுதாசி போடமாட்டான், போன் பண்ணமாட்டான். அந்தத் தேதியில்தான் மகள் மிரேய் செத்தாள். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அதே தேதியில் அவன் வருகிறான். இது ஆறாவது வருஷம்.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டது. கார்தவில் ஊர்க் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஐஸ்கிரீம் வண்டியில் வரிசை சாலையைத் தாண்டி நின்றது. வெயிலில் சிவந்துபோன பாரிஸ்காரர்கள் குடையும் வாளியும் கூடையுமாக அவரை இடித்துக்கொண்டு போனார்கள். ஃபெர்னான் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கொத்தனார் வேலையில் காய்த்துப்போன கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

வண்டி வந்தது. ஸ்தான் கடைசி ஆளாக இறங்கினான். வடக்கே லான்ஸ் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அவனுடைய அப்பன் போலந்திலிருந்து வந்து அதே குழிக்குள் இறங்கியவன். முப்பத்துநாலு வயதில் ஸ்தானுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. கையில் வழக்கம்போல ஒரு பொட்டலம் காப்பித்தூள்.

"அத்தைக்கு" என்றான். ஃபெர்னான் வாங்கிக்கொண்டார். அது வீட்டுக்குள் போகாது என்று இருவருக்கும் தெரியும். ஐந்து வருஷப் பொட்டலங்களையும் அவர் துறைமுகத்துச் சாராயக்கடையில்தான் கொடுத்தார். இருந்தாலும் அவன் கொண்டுவருவதை நிறுத்தவில்லை, அவர் வாங்குவதையும் நிறுத்தவில்லை.

மனைவி ஜெர்மேன் அன்று காலையிலேயே சன்னல் பலகைகளை எல்லாம் அடைத்துவிட்டாள். வருஷம் பூராவும் ஓட்டலில் படுக்கை விரிக்கிறவள், அந்த ஒரு நாள் மட்டும் லீவு போடுவாள். லீவு போட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். மருமகன் போட்ட கடுதாசிகளைப் பிரிக்காமலே தபால்காரனிடம் திருப்பிக் கொடுத்தவள். ரொட்டிக் கடையில், இறைச்சிக் கடையில், தேவாலய வாசலில், எங்கே பேச்சு வந்தாலும் ஒரே வார்த்தைதான்: "என் பிள்ளையக் கடல் கொல்லல. அந்தப் போலந்துக்காரனோட தூக்கம் கொன்னுது."

தூங்கியது உண்மைதான். ராத்திரி முறை மூன்று நாள் பார்த்துவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் ரயிலேறி வந்தவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு கோப்பை சைடர் என்கிற ஆப்பிள் மது உள்ளே போனதும் முற்றத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டான். மட்டி பொறுக்கப் போகலாம் வா என்று மிரேய் கூப்பிட்டாள். நீ முன்னால போ, அரை மணியில் வருகிறேன் என்றான். அவள் மணல் வாரியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் அவன் முகத்தில் வெயில் படாமல் தன் தொப்பியை வைத்துவிட்டுப் போனாள். நாலரைக்கு அவன் கண் திறந்தபோது தெருவே கரைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஊர் அவனைப் பேசியது. அவனும் ஊரோடு சேர்ந்து தன்னைப் பேசிக்கொண்டான்.

ஊருக்குத் தெரியாத ஒன்று ஃபெர்னானுக்குத் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார்.

கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிற சட்டம் வந்து அப்போது மூன்று நாலு வருஷம்தான். சட்டம் ஆளுக்கு, கடலுக்கு இல்லை. துறைமுகத்தில் விற்கிற ஓதப் புத்தகத்தில் பழைய நேரம்தான் அச்சடித்திருக்கும். கடல் எத்தனை மணிக்கு இறங்கும் என்று அதில் பார்த்தால், கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். உள்ளூரில் பல் முளைத்த பிள்ளைக்கும் அது தெரியும். வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. கூட்டாமல் ஒரு மணி முன்னதாகவே போய் நின்றுகொண்டு, தண்ணீர் இன்னும் இடுப்பளவு இருக்கிறதே என்று விழிப்பான். அதைப் பார்த்துச் சிரிப்பது ஊருக்கு ஒரு பொழுதுபோக்கு.

அந்த வருஷம் வீட்டிலிருந்த ஓதப் புத்தகம் ஈரத்தில் ஊறிப் பிய்ந்துபோயிற்று. அதற்குப் பதிலாக அடுப்பங்கரை ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. ஊருக்குப் புதிதாக வந்த மருந்துக்கடைக்காரர் கோடைக் கூட்டத்துக்காக அச்சடித்து இனாமாகக் கொடுத்த அட்டை. வெளியூர்க்காரர்கள் திண்டாட வேண்டாம் என்று அந்த ஒரு மணியையும் அவரே கூட்டி அச்சடித்திருந்தார். ஃபெர்னான் அந்தக் கோடை முழுக்க உள்நாட்டில் பால் பதனிடும் ஆலைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமைதான் வீடு. கடலைக் கண்ணால் பார்த்தே எட்டு நாள் ஆகியிருந்தது.

அப்பா, இறக்கம் எத்தனை மணிக்கு என்று மிரேய் முற்றத்திலிருந்து கேட்டாள். அவர் அட்டையைப் பார்த்தார். மூன்று பத்து என்று இருந்தது. யோசிக்கவே இல்லை. மூன்றோடு ஒன்று. "நாலு பத்து" என்று சொன்னார்.

சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனின் கார்க் கொட்டகைக்குச் சாந்து குழைக்கப் போனார். ஒன்றரை மணிக்கெல்லாம் வெளியூர்க் கூட்டம் மணலில் இறங்கிப் போவது அங்கிருந்து தெரிந்தது. கூட்டல் தெரியாத ஜனம், போய்க் கால் நனைச்சுக்கிட்டு நிக்கட்டும் என்று கரண்டியை நீட்டிக் காட்டிச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரனும் சிரித்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாரிஸ் அம்மாள் இருந்தாள். அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் அவள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கழுதைத் திட்டு என்கிற மணல்மேட்டின் கடைசியில் உங்கள் மகளைப் பார்த்தேன், கடல் திரும்பப் போகிறது, எங்களோடு வந்துவிடு என்று கூப்பிட்டேன், இன்னும் ஒரு மணி இருக்கிறது, அப்பா கணக்குப் பார்த்துச் சொன்னார் என்று சிரித்தாள் என்றாள். அந்த அம்மாளுக்கு விஷயம் விளங்கவில்லை. ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். சாயந்திர ரயிலில் போய்விட்டாள்.

கழுதைத் திட்டில் நிற்கிறவனுக்குக் கடல் முன்னால் வராது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் பின்னோடை என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் முதலில் நிரம்பும். திட்டில் நிற்பவன் காலடியில் மணல் காய்ந்துதான் இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது வழி இருக்காது. மிரேய்க்கு இது தெரியாதா? நடக்கப் பழகியதே அந்த மணலில்தான். தெரிந்தவள் நேரத்தை நம்பினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபெர்னான் ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டார். அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

*

இருவரும் கடல் தடுப்புச் சுவரை ஒட்டி நடந்தார்கள். உடை மாற்றும் வெள்ளை மர அறைகளின் வரிசை, ஒவ்வொன்றின் வாசலிலும் மடக்கு நாற்காலி, அதில் ஒரு குடும்பம், கோழிக்கால், பேப்பர். பந்து ஒன்று ஸ்தான் காலில் வந்து விழுந்தது, உதைத்துத் திருப்பி அனுப்பினான். கசினோவைத் தாண்டினால் புதிய அடுக்கு வீடுகள். அதில் மூன்று கட்டடம் ஃபெர்னான் கை வைத்தது. வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள்.

பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். குழி எப்படி, மூடிவிடுவார்கள் போலிருக்கிறது, முதுகு எப்படி, இருக்கிறது. அதற்குமேல் இரண்டு பேருக்கும் தேவையில்லை. சுவர் முடிந்து சுங்கக்காரர் பாதை தொடங்கும் இடத்தில் பேச்சும் நின்றுவிடும். பழைய காலத்தில் கள்ளக்கடத்தலைப் பிடிக்கக் காவலர் நடந்து தேய்த்த பாதை. ஒரு ஆள் அகலம். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதால் ஃபெர்னானுக்கு அந்தப் பாதை சௌகரியமாக இருந்தது.

பழம் பழுக்கத் தொடங்கிய முட்புதர்கள் சட்டையை இழுத்தன. கீழே கடல் இறங்கி முடிந்து, மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. முனையில் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் கழுதைத் திட்டு முதுகு காட்டிக் கிடப்பது தெரியும். பூ எதுவும் போடுவதில்லை, ஜெபமும் இல்லை. கொஞ்ச நேரம் நிற்பார்கள், திரும்புவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை ஸ்தான் அங்கே உட்கார்ந்து அழுதான். அதுவும் அந்த ஒரு முறைதான்.

இந்த முறை அவன் உட்கார்ந்தான், ஆனால் அழவில்லை. தன் ஊரில் நாதின் என்று ஒருத்தி இருப்பதாகச் சொன்னான். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்க்கிறவள். புருஷன் இல்லை. இரண்டு வருஷமாகப் பழக்கம். குடியை விட்டதே அவளால்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லாமல் இருக்கிறான்.

நல்லதுதானே, பண்ணிக்கோ என்றார் ஃபெர்னான். மனதாரத்தான் சொன்னார்.

ஸ்தான் தலையை ஆட்டினான். "அத்தை வாயால ஒரு வார்த்தை வேணும் மாமா. மன்னிச்சேன்னுகூடச் சொல்ல வேணாம். கதவைத் திறந்து, போய்த் தொலைன்னு சொன்னாப் போதும். ஒருத்தியத் தூங்கியே கொன்னவன் நான். இன்னொருத்தி வீட்டுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

இன்றைக்கு ஐந்து மணி வண்டிக்குள் அது கிடைக்கவில்லை என்றால், ஊருக்குப் போய் நாதினிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். சாப்பாட்டில் உப்புக் குறைகிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். அவன் மிரட்டவில்லை என்பது ஃபெர்னானுக்குத் தெரிந்தது. தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

அறுபது வருஷத்தில் ஃபெர்னான் கல் சுமந்திருக்கிறார், சாரத்திலிருந்து விழுந்து விலா ஒடிந்திருக்கிறார். இப்போது வாயைத் திறப்பது அதையெல்லாம்விடக் கஷ்டமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் பார்த்தார். இவன் ஐந்து மணி வண்டியில் போவான். அடுத்த ஆகஸ்டில் காப்பித்தூளோடு வருவான். அதற்கடுத்த ஆகஸ்டிலும் வருவான். தான் செத்த பிறகும் வந்து இந்த முனையில் தனியாக நிற்பான்.

"மாப்ளே, நீ கொல்லல" என்றார். "அந்த நேரத்தச் சொன்னது நான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அட்டை, மூன்று பத்து, கூட்டிய ஒரு மணி, சாந்து குழைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு, பாரிஸ் அம்மாள், அடுப்பு. கடலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது என்று அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

ஸ்தான் கேள்வி கேட்டான். அட்டையில் எழுதியிருந்ததா, ஒரு மணி சேர்த்தாயிற்று என்று? இருந்தது, அடியில், சின்ன எழுத்தில். நீங்கள் பார்க்கவில்லையா? பார்க்கவில்லை. எப்போது தெரிந்தது? அடக்கத்தன்று. விபத்தை விசாரிக்கிற போலீஸ்காரன் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டான். அப்புறம் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான். அடிப்பான் என்று ஃபெர்னான் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"நான் குடிச்சுச் சாகக் கிடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க மாமா" என்றான் ஸ்தான். "கட்டில் பக்கத்துல உக்காந்து ஆப்பிள் சீவிக் குடுத்தீங்க. தோல் அறாம சுருளா எடுத்தீங்க. பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சொன்னான், இப்படி ஒரு மாமனார் யாருக்குடா கிடைப்பான்னு. அப்பக்கூடவா வாய் வரல?"

ஃபெர்னான் காப்பிப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய்ச் சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் ஸ்டாப்புல இருப்பேன்."

அவன் முன்னால் நடந்தான். பாதையில் எதிரே வந்த ஒரு வயதான தம்பதிக்கு ஒதுங்கி வழிவிட்டு, அவர்கள் சொன்ன நன்றிக்குத் தலையசைத்துவிட்டு, புதர்களுக்கு அப்பால் மறைந்துபோனான்.

*

ஃபெர்னான் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். முனையிலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நடை. இரண்டரைக்குக் கதவைத் தட்டியிருக்கலாம். ஆனால் கால் துறைமுகத்துப் பக்கம் திரும்பியது. காப்பித்தூளைக் கொடுக்க வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாராயக்கடையில் ஆப்பிள் சாராயம் ஒன்று சொன்னார். குடிக்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் சீட்டாடியவர்கள், என்ன ஃபெர்னான், மாப்பிள்ளையை வண்டியேற்றிவிட்டாயா, தூக்கம் தெளிந்து வந்தானா என்று கிண்டலடித்தார்கள். ஆறு வருஷமாக அந்தக் கிண்டலுக்கு அவரும் அரைச் சிரிப்புச் சிரித்துத் தொலைத்திருக்கிறார். இன்று சிரிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

அவர் வீட்டுக்குள் நுழையும்போது நாலரை. பலகைகளின் இடுக்கு வழியே வந்த வெளிச்சத்தில் ஜெர்மேன் அடுப்பங்கரை மேசையில் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஏப்ரன், ஏப்ரன் நிறையத் தோல். அவர் தொப்பியைக் கழற்றவில்லை. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். முனையில் சொன்னது போல இங்கே நாலு வாக்கியத்தில் முடியவில்லை. திரும்பத் திரும்ப அட்டைக்கே வந்தார். நான் பார்க்கவில்லை, அடியில் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை என்று மூன்று தடவை சொன்னார்.

ஜெர்மேன் கை நிற்கவே இல்லை. தோலைக் கீறி, விதையைக் கிண்ணத்தில் தள்ளி, அடுத்ததை எடுத்தாள்.

"தெரியும்" என்றாள்.

அவருக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

"அடக்கம் முடிச்சு வந்து பாத்தேன், ஆணி மொட்டையா இருந்துச்சு. இத எதுக்குய்யா ஒருத்தன் எடுப்பான்னு யோசிச்சேன். மறுநாள் மருந்துக்கடைக்குப் போயி இன்னொண்ணு கேட்டேன். அடுக்கடுக்கா வச்சிருந்தான், குடுத்தான். கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்படியென்றால் ஆறு வருஷமாக அவனை ஏன் தெருத் தெருவாகத் திட்டினாய் என்று கேட்டார். ஏன் கதவை அடைத்தாய் என்று கேட்டார். குரல் உயரவில்லை, உயர்த்த அவருக்கு உரிமை இல்லை.

"அத ஆணியில மாட்டினது யாரு?" என்றாள் ஜெர்மேன். "நீயா? நான்தான வாங்கிட்டு வந்து மாட்டினேன். கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தான், அம்மா இதுல கூட்ட வேணாம், நானே கூட்டிட்டேன்னு. காதுல வாங்கிட்டுத்தான் வந்தேன். நீ சனிக்கிழமை வரும்போது சொல்லணும்னு இருந்தேன். ஓட்டல்ல அன்னைக்கு நாப்பது படுக்கை. மறந்துட்டேன்."

மொச்சை ஒன்று கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"அவனத் திட்டலன்னா நான் உன்னப் பாக்கணும். உன்னப் பாத்தா என்னப் பாக்கணும். அவன் தூரத்துல இருந்தான். வெளியூர்க்காரன், பேருகூட நம்ம பேரு இல்ல. ஏசுறதுக்குத் தோதா இருந்தான். நீ வாயத் திறக்காத வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு மேசையில உக்காந்து சூப்பு குடிக்கலாம்னு இருந்தேன். குடிச்சோமா இல்லையா? இப்ப நீ போயி அவன்கிட்ட இறக்கி வச்சுட்டு வந்துட்ட. உனக்கு லேசா இருக்கும்."

லேசாக இல்லை என்று சொல்ல நினைத்தார். அது பொய்யாகிவிடும். முனையிலிருந்து திரும்பி வரும்போது, காப்பிப் பொட்டலத்தோடு நடந்த அந்தப் பத்து நிமிஷம், நெஞ்சில் காற்று நன்றாக இறங்கியதை அவர் உணர்ந்திருந்தார்.

அப்போதுதான் அவருக்கு மிச்சமும் ஞாபகம் வந்தது. அவன் நிறுத்தத்தில் நிற்கிறான் என்றார். ஒருத்தி இருக்கிறாள், நாதின் என்று பெயர், அவளைக் கட்டிக்கொள்ள உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்கிறான், ஐந்து மணி வண்டி வரைக்கும்தான் இருப்பான் என்றார்.

ஜெர்மேன் தலையைத் தூக்கினாள். அன்று முழுவதும் அவள் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மணி என்ன?"

"நாலு அம்பத்தொண்ணு."

"இத முதல்ல சொல்ல மாட்டியா நீ" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "வந்ததும் முதல் வார்த்தையா இதச் சொல்ல மாட்டியா."

எழுந்தாள். மொச்சைத் தோல் அத்தனையும் தரையில் கொட்டியது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

வீட்டிலிருந்து நிறுத்தத்துக்குப் பத்து நிமிஷம், அதுவும் ஆள் இல்லாத நாளில். அவர் பின்னாலேயே ஓடினார். ஐம்பத்தேழு வயதில் ஜெர்மேன் ஓடி அவர் பார்த்ததில்லை. கனத்த உடம்பு. ஓட்டல் மாடிப்படிகளில் தேய்ந்த முட்டி. ஈர நீச்சலுடையோடு தெருவை அடைத்துக்கொண்டு வந்த கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போனாள். யாரோ கோபமாக ஏதோ சொன்னார்கள். ஒருவன் கையிலிருந்த ஐஸ்கிரீம் அவள் தோளில் அப்பியது. அவள் நிற்கவில்லை.

அவர்கள் திருப்பத்துக்கு வந்தபோது வண்டி கிளம்பி, கசினோ பக்கம் வளைந்துகொண்டிருந்தது. நெரிசலில் அது ஊர்ந்துதான் போயிற்று. ஆள் நடந்தே பிடித்துவிடலாம் போலிருந்தது. ஜெர்மேன் கையைத் தூக்கி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆறு வருஷத்தில் அவள் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. போலந்துக்காரன், தூங்குமூஞ்சி என்றுதான் வந்திருக்கிறது. பழக்கம் விட்டுப்போனதாலோ, மூச்சு இரைத்ததாலோ, பாதிக்கு மேல் சத்தம் வரவில்லை. பின் கண்ணாடியில் தலைகள் தெரிந்தன. அதில் எது அவன் தலை என்று ஃபெர்னானால் சொல்ல முடியவில்லை. எதுவும் திரும்பவில்லை. வண்டி மேட்டில் ஏறி மறைந்தது.

நிறுத்தத்துப் பெஞ்சில் ஜெர்மேன் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு இளம்பெண் அவளைப் பார்த்துவிட்டுத் தன் பையை எடுத்து இடம் விட்டாள். ஃபெர்னான் முன்னால் போய் நின்றார். வீட்டுக்குப் போகலாம், கடுதாசி எழுதலாம் என்று சொன்னார்.

"அவன் கடுதாசிய நான் எத்தன திருப்பி அனுப்பினேன்" என்றாள். "என் கடுதாசிய மட்டும் அவன் பிரிப்பானா?"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக ஏழு மணிக்கு இன்னொரு வண்டி உண்டு. அது கூத்தான்ஸ் ரயில் நிலையம் வரை போகும். அதில் போய் ரயில் பிடித்து லான்ஸ் போகிறேன் என்றாள். அவன் நாளைக் காலை வேலைக்கு இறங்குமுன் குழி வாசலில் நிற்கிறேன், அங்கே நின்று அந்தப் பெண் காதிலும் விழுகிற மாதிரி சொல்கிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்றார் ஃபெர்னான்.

"நீ வராத."

"எப்ப திரும்பி வருவ?"

அவள் தோளில் ஒழுகிய ஐஸ்கிரீமைக் கையால் வழித்து, ஏப்ரனில் துடைத்தாள். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

கைப்பை இல்லாமல், கோட்டு இல்லாமல், வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். அவர் வீட்டுக்குப் போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்துத் தூசி தட்டினார். முப்பத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவளின் அலமாரியைத் திறந்து நின்றபோது எதை எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. எத்தனை நாளுக்கு என்றும் தெரியவில்லை. இரண்டு கவுன் வைத்தார். வேண்டாம் என்று ஒன்றை எடுத்தார், மறுபடி வைத்தார். கம்பளிச் சட்டை, காலுறை, ரத்த அழுத்த மாத்திரை, முட்டிக்குத் தேய்க்கிற தைலம். வெளியே போட்டுப்போகிற காலணியைத் தேடிக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆயிற்று. பலகைகளைத் திறக்கத் தோன்றவில்லை, இருட்டிலேயே மடித்து அடுக்கினார்.

ஆறரைக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பெஞ்சில் வைத்தார். வெயில் இன்னும் நன்றாக இருந்தது. கடல் ஏறி மணலை முழுசாக மூடிவிட்டிருந்தது. குடையைச் சுருட்டிக்கொண்டு ஜனம் ஏறி வந்துகொண்டிருந்தது. ஜெர்மேன் காலணியைப் போட்டுக்கொண்டாள். ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கம்பளிச் சட்டையை விரித்தாள். பெரியதாக இருந்தது. முழங்கையில் சாந்துக் கறை.

"இது உன்னோடது" என்று எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வாங்கிக்கொண்டார். வண்டி வரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.